பயிர்க்காவல் துப்பாக்கியும் நெடுநாள் கிடைக்கத்தக்க தோட்டாவும்

துப்பாக்கி வாங்கக் கருதும் குடியானவர் பெரும்பாலும் முதலிற் கவனிப்பன மூன்று: அதன் விலை, அதன் செய்நேர்த்தி, அது எவ்வளவு தூரம் சுடும் என்பது. அதற்குரிய தோட்டா இருபது ஆண்டுகள் சென்றபின்னும் கடையிற் கிடைக்குமா என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. நல்ல எஃகினாற் செய்த துப்பாக்கி, எண்ணெயிட்டுப் பேணப்படின், மூன்று தலைமுறைக்கு நிற்கும். தோட்டாவோ ஒரு முறை வெடித்தால் தீர்ந்தது. தீர்ந்ததை மீண்டும் வாங்க இயலாவிடின், அத்துப்பாக்கி சுவரில் மாட்டிய இரும்புக் குழாயேயன்றி வேறன்று. ஆகவே, தோட்டாவை முதலில் தேர்ந்து, அதற்கேற்ற துப்பாக்கியைப் பின்னர் நாடுவதே முறை. அத்தேர்வுக்கு வேண்டிய செய்திகள் இங்கே சுருக்கமாகக் கூறப்படுகின்றன.

அடிவார நிலங்களின் நிலைமை

தேனி ஜில்லா பெரியகுளம் தாலூகாவில், பெரியகுளத்திற்கும் வத்தலகுண்டிற்கும் இடையே, பழனி மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தில் கெங்குவார்பட்டி அமைந்துள்ளது. கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதை இவ்வூருக்கு அண்மையிலேயே தொடங்குகிறது. மேற்கே தேவதானப்பட்டியும் மஞ்சளாறு அணையும் உள. மாவும் தென்னையும் வாழையும் நெல்லும் விளையும் இப்பகுதியில், தோட்டங்களுக்கும் காட்டிற்கும் இடையே பல இடங்களில் ஒரு வரப்போ ஓர் ஓடையோதான் எல்லையாக இருக்கிறது.

இத்தகைய நிலங்களில் இரவிற் புகும் காட்டுப்பன்றியால் உண்டாகும் நஷ்டம் யாவரும் அறிந்ததே. பன்றி தின்பது கொஞ்சம். கிளறி அழிப்பது அதிகம். நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு ஆகியவற்றில் ஒரு கூட்டம் ஓர் இரவு புகுந்தால், மறுநாள் அவ்விடம் உழுத நிலம்போல் ஆகிவிடும். வாழைக்கிழங்கையும் இளந்தென்னையின் குருத்தையும் அது விட்டுவைப்பதில்லை. இதனாலேயே துப்பாக்கி வேண்டும் என்னும் எண்ணம் குடியானவர்க்கு உண்டாகிறது. சில குடும்பங்களில் தந்தையோ பாட்டனாரோ லைசென்ஸ் பெற்று வைத்திருந்த பழைய துப்பாக்கியும் உண்டு. புதிதாக வாங்க விரும்புவோர், பழையதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆகிய இருதிறத்தாரும் தோட்டாவைப் பற்றி அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலில் அறியவேண்டிய சட்டம்

துப்பாக்கி லைசென்ஸ் வேறு. விலங்கைச் சுடும் அநுமதி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் வழக்கில் அகப்படுவோர் உண்டு.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. அச்சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 1-4-2023 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையைச் சேர்ந்த விலங்காகும். மனித உயிர்க்கோ நிலத்திலுள்ள பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்து விளைவிக்கும் விலங்கைக் கொல்வதற்கு, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ காரணம் காட்டி எழுத்து மூலம் உத்தரவிடலாம் என்று 11-ஆம் பிரிவு கூறுகிறது. உத்தரவின்றிச் சுட்டால், தம் சொந்த நிலத்திலேயே சுட்டிருப்பினும் அது குற்றமே. உத்தரவின்படி கொல்லப்பட்ட விலங்கும் அரசாங்கத்தின் உடைமையாகும்.

கேரள அரசாங்கம் 2022-இல் இவ்வதிகாரத்தை உள்ளாட்சி மன்றத் தலைவர்களுக்கு அளித்து, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக்காரரைக் கொண்டு பன்றிகளைச் சுடுவதற்கு வழி செய்தது. தமிழ்நாட்டின் ஏற்பாடு வேறு. 2025 ஜனவரியில் இங்கு அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுதல் இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டினுள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வன இலாகாவினர் சுடலாம். குமுளி மலைக்கு அப்பால் நடப்பதைக் கேட்டு, கம்பம் பள்ளத்தாக்கிலும் பெரியகுளம் பக்கத்திலும் அவ்வாறே செய்யலாம் என்று எண்ணுதல் தவறு. மலையடிவாரத்தை ஒட்டிய கெங்குவார்பட்டி நிலங்களுக்கு இது முக்கியமான எச்சரிக்கையாகும்.

அங்ஙனமாயின் பயிர்க்காவல் துப்பாக்கியின் பயன் யாது? வேட்டின் ஓசையால் விலங்கை அகற்றுதல் ஒன்று. உயிர்க்கு ஆபத்து நேரும்போது தற்காத்தல் மற்றொன்று. எழுத்து மூலமான உத்தரவு கிடைத்தவிடத்து அதன்படி உதவுதல் பிறிதொன்று. இம்மூன்றுக்கும் வேண்டிய அளவே துப்பாக்கியின் வலிமையை அளவிடவேண்டும்.

லைசென்ஸைப் பொறுத்தவரையில், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவில் பயிர்க்காவலுக்கென வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கியைக் குறிப்பிடுகிறது. அது போதாதென்று அதிகாரி கருதினால், வேறு வழவழப்பான குழலுடைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிக்கலாம். ரைபிள் இவ்வகையிற் சேராது. பயிர்க்காவல் லைசென்ஸ் அதிற் குறித்த எல்லைக்குள்ளேயே செல்லும். ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்பனவும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஆகையால் ஒரு முறை பெருந்தொகையாக வாங்கி அடுக்கிவைத்துத் தட்டுப்பாட்டைத் தீர்த்துக்கொள்ள இயலாது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வாங்கக்கூடிய தோட்டாவே குடியானவர்க்கு ஏற்றது. கிடைப்பதற்கரிய தோட்டாவை நாடாதிருக்க இது ஒன்றே போதிய காரணமாகும்.

தோட்டாவின் அமைப்பு

தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள. பித்தளையாலோ, அட்டை அல்லது பிளாஸ்டிக்காலோ ஆன கூடு ஒன்று. கூட்டின் அடியில் பொருத்திய கேப்பு இரண்டாவது. உள்ளே இட்ட புகையற்ற வெடிமருந்து மூன்றாவது. முன்புறத்துள்ள குண்டோ ரவைகளோ நான்காவது. துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தட்ட, கேப்பின் தீப்பொறி மருந்தைக் கொளுத்த, அதனால் எழும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அவ்வாயு பின்னே கசியாதபடி கூடு விரிந்து குழலின் அறையை அடைத்துக்கொள்ளும். ஆதலின் கூடும் அறையும் ஒன்றற்கொன்று மிக நுட்பமாகப் பொருந்தவேண்டும். ஏறக்குறைய ஒத்த அளவுடைய வேறொரு தோட்டாவை இட்டுச் சமாளிக்கலாம் என்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

ரவைத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். அதன் விட்டத்தைக் குறிக்கும் எண் பழைய ஈயக் கணக்கினால் வந்தது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எக்குழலிற் பொருந்துமோ அது 12 போர். அதன் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 16 போர், 20 போர் என எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். ரைபிளின் குழலிலோ உட்புறத்தில் திருகு வரிகள் உண்டு. அவை குண்டைச் சுழற்றி நெடுந்தூரம் நேராகச் செலுத்துகின்றன. .315, .275 முதலிய எண்கள் அங்குலத்திற் கூறப்படும் அளவுகளாம்.

தோட்டா அருகிப்போதற்குக் காரணங்கள்

ஒரு தோட்டா நன்றாகச் சுடுவதால் மட்டும் அது நீடித்துக் கிடைக்கும் என்பதில்லை. சட்டம், ஆலை, கொள்வோர் தொகை ஆகிய மூன்றுமே அதன் ஆயுளை நிர்ணயிக்கின்றன. சென்ற நூற்றிருபது ஆண்டுகளின் வரலாற்றிலிருந்து இதற்குச் சில உதாரணங்கள் காட்டலாம்.

முதலாவது, சட்டத்தால் வந்த மாறுதல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யானை, காட்டெருமை முதலிய பெரு விலங்குகளை வேட்டையாடியோர் .450 ரைபிள்களை விரும்பினர். அவ்வளவுடைய குண்டுகள் கிளர்ச்சிக்காரர் கையிலிருந்த பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்கும் பயன்படக்கூடும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம், 1907-இல் .450 அளவை இந்தியாவில் விலக்கியது. அதனால் இங்கிலாந்தின் துப்பாக்கி செய்வோர் .465, .470, .475, .476 எனப் புதிய அளவுகளுக்கு மாறினர். குறை ஒன்றுமில்லாத ஒரு தோட்டா, ஓர் உத்தரவினால் இந்நாட்டிற் பயனற்றதாயிற்று.

இரண்டாவது, ஆலை கைவிட்டதால் வந்த கேடு. அவ்வாறு புதிதாக வந்த பெருந்தோட்டாக்களுக்குப் பல ஆண்டுகள் தாயகமாக விளங்கியது இங்கிலாந்தின் கைனாக் ஆலையாகும். 1960-களில் அவ்வாலை இவ்வகைத் தோட்டாக்களைச் செய்வதை விட்டபின், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இரட்டைக்குழல் ரைபிள்களும் தோட்டாவின்றிப் பெட்டியில் உறங்கின.

தென்னிந்தியாவிற் பலரும் அறிந்த உதாரணம் .405 வின்செஸ்டர். பெங்களூரில் வாழ்ந்து, சேலம் ஜில்லா முதலிய இடங்களில் ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்டுப் புத்தகங்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் (1910–1974) கையாண்டது இவ்வகை ரைபிளே. 1904-இல் வெளிவந்த இத்தோட்டாவை அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுசென்றார். இத்தனை புகழ் பெற்றிருந்தும், வேறு ரைபிள்கள் பல அதற்கென அமையாமையால், அந்த ஒரு மாதிரி ரைபிள் செய்வது நின்றபின் தோட்டாவும் அருகிப் பின் நின்றுபோயிற்று. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அது மீண்டும் செய்யப்பட்டது. எனினும் அதனால் இந்தியக் குடியானவர்க்குப் பயன் ஒன்றுமில்லை.

இதற்கு மாறானது .275 ரிக்பி. சம்பாவத்துப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது இவ்வகை ரைபிள். பெயர் ஆங்கிலப் பெயராயினும் தோட்டா 1892-இல் ஜெர்மனியில் அமைந்த 7×57 மாஸரேயாம். பல நாட்டுப் படைகள் அதை மேற்கொண்டமையால் பல நாட்டு ஆலைகளும் அதைச் செய்தன; இன்றும் செய்கின்றன. ஆனால் உலகிற் கிடைப்பது வேறு, உள்ளூரிற் கிடைப்பது வேறு. 1972-க்குப்பின் வேட்டை நின்றது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் தனிப்பட்டோர் வரவழைப்பதும் பின்னர்க் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே மற்ற நாடுகளில் மலிந்த தோட்டாவும் இங்கே அருமையாகிவிடும்.

.315 தரும் பாடம்

இவையனைத்தினும் கவனிக்கத்தக்கது .315 தோட்டாவின் வரலாறு. இதன் இயற்பெயர் 8×50 மன்லிக்கர். 1890-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைக்கு ஏற்பட்ட தோட்டா இது. 1930-களில் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் இதை விட்டு வேறு தோட்டாவிற்கு மாறிவிட்டன. பிறந்த நாட்டிலேயே கைவிடப்பட்ட இத்தோட்டா இந்தியாவில் மட்டும் நிலைத்ததற்குக் காரணம் என்ன?

பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டா .303. படையின் தோட்டா குடிமக்கள் கையிற் புழங்குதல் ஆகாது என்பது அரசாங்கத்தின் கொள்கை. அதனால் அதே வகை ரைபிளை வேறொரு தோட்டாவிற்கு அமைத்து விற்க வேண்டியதாயிற்று. அவ்வாறு இங்கு வந்து சேர்ந்தவற்றுள் ஒன்று இந்த மன்லிக்கர் தோட்டா. சுதந்திரத்திற்குப்பின் இந்தியப் படைக்கல ஆலைகளும் .315 ரைபிளைச் செய்தன. அதற்குரிய தோட்டா புனாவுக்கு அடுத்த கட்கி ஆலையில் உருவாயிற்று. 1869-இல் நிறுவப்பட்ட அவ்வாலை, 2021 அக்டோபர் 1-ஆம் தேதி படைக்கல ஆலைகள் ஏழு அரசாங்கக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனியின் கீழ் வந்தது.

அரசாங்கத்தின் விதிகளில் .303-உம் 7.62 மில்லிமீட்டரும், அவற்றின் படைத்தோட்டாவை ஏற்கும் வேறெந்த அளவும் விலக்கப்பட்ட வகையைச் சேர்ந்தன. உலகெங்கும் தோட்டா மலிந்திருப்பினும், இந்நாட்டுக் குடியானவர்க்கு அவை இல்லாதனவே. உலகம் மறந்த .315-ஓ உள்நாட்டு ஆலையும் உள்நாட்டுச் சட்டமும் இடம் கொடுத்தமையால் நிலைத்தது. "எது சிறந்த தோட்டா?" என்று வினவுவதினும், "எதை இந்நாட்டு ஆலை செய்கிறது? எதை இந்நாட்டுச் சட்டம் அநுமதிக்கிறது?" என்று வினவுவதே அறிவுடைமை என்பது இதனாற் பெறப்படும்.

துப்பாக்கி வகைகளின் ஒப்புமை

நாட்டுத் துப்பாக்கி: வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டு இடிப்பது. இதற்குத் தோட்டா வேண்டுவதில்லை. கரிமருந்தும் கேப்பும் ரவையும் போதும். சட்டத்திலும் பயிர்க்காவலுக்கென்றே இடம் பெற்றது. ஓசைக்கு இதுவே போதும். ஆனால் மழைக்காலத்தில் மருந்து நமுத்துப்போகும். ஒரு வேட்டுக்குப்பின் மறுவேட்டுக்கு நேரம் ஆகும். அளவறியாது மருந்து இட்டால் குழல் வெடிக்கும். கரிமருந்துக்கு ஏற்பட்ட குழலிற் புகையற்ற மருந்தை இடுதல் எவ்வாற்றானும் கூடாது. லைசென்ஸ் இன்றிச் செய்த துப்பாக்கியை வைத்திருப்பது கடுங்குற்றம் என்பதையும் மறத்தலாகாது.

12 போர்: உலகில் மிகப் பரவிய ரவைத் தோட்டா இதுவே. கட்கி ஆலை இதைப் பலவகை ரவை நம்பர்களில் செய்துவருகிறது. ஒரே துப்பாக்கியில் சிறு ரவையும் பெரு ரவையும் சமயத்திற்கு ஏற்ப இடலாம். ஒரு நம்பர் கடையில் இல்லையாயின் வேறொரு நம்பரைக் கொண்டு காரியம் நடத்தலாம். ரைபிளில் இவ்வசதி குறைவு. ரவை சிதறிச் செல்வதால் முப்பது நாற்பது கெஜத்திற்குள்ளேயே இது உறுதியாகப் பயன்படும். தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் இரவில் அதற்கு மேற்பட்ட தூரம் தெரிவதும் அரிது.

.315 ரைபிள்: உள்நாட்டுத் தோட்டா உடையது, வலிமை மிக்கது. ஆனால் பயிர்க்காவல் வகையில் இதற்கு லைசென்ஸ் கிடையாது. ரைபிள் குண்டு குறி தப்பினால் இரண்டு மைலுக்கு அப்பாலும் சென்று விழக்கூடும். ஊரும் பெருஞ்சாலையும் மலைப்பாதையும் கிணற்றுமேட்டு வீடுகளும் நெருங்கிய கெங்குவார்பட்டி போன்ற இடத்தில் அது எங்கே சென்று எவரைத் தாக்கும் என்று சொல்ல இயலாது. ஓசைக்காகவேனும் ரைபிளை வானோக்கிச் சுடுதல் கூடவே கூடாது.

பிற ரைபிள்கள்: 1906-இல் அமெரிக்கப் படைக்கு ஏற்பட்ட .30-06 அளவிலும் இஷாப்பூர் ஆலை ரைபிள் செய்துள்ளது. இருப்பினும் தோட்டா எக்கடையில், எவ்விலையில், ஆண்டு முழுவதும் கிடைக்கிறதா என்று விசாரியாமல் இவ்வகையில் இறங்குதல் நலமன்று. .22 தோட்டா மலிவாயினும் பன்றிக்கு அது போதாது. காயம்பட்டு ஓடிய பன்றி, மறுநாள் களையெடுக்கச் செல்லும் பெண்டிர்க்கு எமனாக முடியும்.

இவற்றை ஒப்பிட்டு நோக்குமிடத்து, லைசென்ஸுக்கு உரியவராயும் துப்பாக்கி இன்றியமையாதவராயும் உள்ள குடியானவர்க்கு 70 மில்லிமீட்டர் அறையுடைய 12 போரே ஏற்றது என்பது தெளிவாகும்.

பழைய துப்பாக்கி உடையோர் கவனிக்க

முன்னோர் வைத்த துப்பாக்கியை வாரிசுகள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இடம் தருகின்றன. லைசென்ஸ்தார் இறந்தபின்னும், அவர் எழுபது வயது எய்திய பின்னரோ இருபத்தைந்து ஆண்டு அத்துப்பாக்கியை வைத்திருந்த பின்னரோ, வாரிசு மனுச் செய்யலாம். ஆனால் மனுச் செய்யுமுன் கீழ்க்கண்டவற்றைத் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளரிடம் காட்டி அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அறையின் நீளம். பழைய 12 போர்த் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவிற்கு ஏற்பட்டவை. இக்காலத்து 70 மில்லிமீட்டர் தோட்டா, வாய் மடித்திருப்பதால், அவ்வறையினுள்ளும் எளிதிற் புகுந்துவிடும். வெடிக்கும்போதோ மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் வழியை நெருக்கும், அழுத்தம் மிகும், குழல் பிளக்கவும் கூடும். தோட்டா உள்ளே புகுந்ததனாலேயே பொருந்தியது என்று கொள்ளுதல் தவறு.

இரண்டாவது, குழலின் செய்கை. இரும்பையும் எஃகையும் நாடாவாகச் சுற்றி அடித்துச் செய்த பழைய குழல்களில் பாம்புச் சட்டை போன்ற வரிகள் தெரியும். அவற்றுட் பல கரிமருந்துக்கே ஏற்பட்டவை. அழகுக்காக அவற்றை வைத்திருக்கலாம். இக்காலத் தோட்டாவை அவற்றில் இடலாகாது.

மூன்றாவது, போர் அளவு. 16 போர்த் துப்பாக்கி நல்லதேயாயினும் அதன் தோட்டா எங்கும் எளிதிற் கிடைப்பதன்று. ஒரே வீட்டில் 12 போரும் 20 போரும் இருப்பின் ஆபத்து மிகுதி. தவறுதலாக இட்ட 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலினுள் நழுவிச் சென்று முன்னே தங்கிவிடும். அறை காலியென்று எண்ணி 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். ஒரு குடும்பத்திற்கு ஒரே அளவு என்பது செலவிலும் சிக்கனம், உயிர்க்கும் காவல்.

நான்காவது, தோட்டா கிடையாத பழைய ரைபிள். அதற்குப் பொருந்துமாறு வேறு தோட்டாவை மாற்றிக்கொள்வதும், வீட்டிலேயே வெற்றுக் கூட்டில் மருந்து அடைப்பதும் கூடா. அத்தகைய ரைபிளை முறைப்படி லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ போலீஸ் நிலையத்திலோ ஒப்படைத்து விடுவதே அமைதி.

இன்னொன்றும் கருதத்தக்கது. தேர்தல் அறிவிக்கப்பட்டால் லைசென்ஸ்தார்கள் துப்பாக்கியைப் போலீஸாரிடம் ஒப்படைக்கும்படி உத்தரவாவது வழக்கம். 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு ஏப்ரல் மாதத்திலேயே நடைபெற்றது. மாங்காய் முற்றும் காலமும் அதுவே. காவல் மிகவும் வேண்டிய சமயத்திலேயே துப்பாக்கி வீட்டில் இராமற்போகலாம். ஆகவே துப்பாக்கி ஒன்றையே நம்பிக் காவலை அமைப்பது தகாது.

தோட்டாவைப் பேணுதல்

அரிதிற் பெற்ற தோட்டாவைக் கெடாமற் காப்பதும் கிடைக்கச் செய்வதற்குச் சமமாம். தோட்டாவிற்குப் பகை மூன்று: ஈரம், வெப்பம், நவச்சாரக் காற்று எனப்படும் அம்மோனியா. முதலிரண்டும் யாவரும் அறிந்தவை. மூன்றாவதைக் குடியானவர் சிறப்பாக அறியவேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மழைக்காலத்திற் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தனர். மழை நின்றபின் எடுத்துப் பார்த்தபோது கூடுகள் பல தாமாகவே வெடிப்புண்டு கிடந்தன. பருவத்தில் வந்தமையால் இதற்குப் பருவ வெடிப்பு என்று பெயரிட்டனர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்றுடன் கூடி, இறுக்கமாக அடித்துச் செய்த பித்தளையைப் பிளக்கிறது என்பது 1921-இல் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்னும் மூவரால் விளக்கப்பட்டது. ஆதலின் மாட்டுத்தொழுவத்தின் பரணிலும், யூரியா முதலிய உரமூட்டைகள் அடுக்கிய அறையிலும் தோட்டா வைத்தல் கூடாது. சமையலறைப் பக்கமும் தகரக் கூரையின் கீழும் ஆகா. வீட்டின் உள்ளறையில், பூட்டிய இரும்புப் பெட்டியில், துப்பாக்கிக்கு வேறாக வைக்கவேண்டும்.

வாங்கிய ஆண்டைப் பெட்டியின்மேல் எழுதி, பழையதை முதலிற் செலவிடுக. பச்சைக் களிம்பு ஏறியதும், ஊதியதும், கூடு வெடித்ததும், கேப்பு உட்குழிந்ததும் ஆன தோட்டாக்களை இடாமல் அதிகாரிகள் மூலம் ஒழித்துவிடுக. விசை தட்டியும் வெடியாத தோட்டாவை உடனே எடுத்தலாகாது. குழலை ஆளில்லாத் திக்கில் நோக்கியவாறே அரை நிமிஷம் பொறுத்து, பிறகு திறத்தல் வேண்டும். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிப்பதுண்டு.

துப்பாக்கிக்குப் புறம்பான காவல்

காவற்பரண், விளக்கு, பழகிய நாய், நெருங்கிய முள்வேலி, எல்லையிலுள்ள புதரை அகற்றுதல் ஆகியவை பழமையானவையாயினும் பயன் தருவன. அண்டை நிலத்தார் சேர்ந்து முறைவைத்து இராக்காவல் செய்தால் செலவும் விழிப்பும் பகிரப்படும். சூரிய ஒளி மின்வேலி அமைப்போர் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வன இலாகாவின் அநுமதியும் பதிவும் பெறவேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராகப் பாய்ச்சுவது மனிதரையும் மாட்டையும் யானையையும் ஒருங்கே கொல்லும் கொடுமை. அவுட்டுக்காய் எனப்படும் வெடியும் அத்தகையதே. பன்றிக்கு வைத்ததை மாடு கடிப்பதும், விளையாட்டுப் பிள்ளைகள் கையில் எடுப்பதும் நேரக்கூடியவை. பயிர் நஷ்டம் நேர்ந்தால், மறுநாளே வன அலுவலகத்திலும் கிராம நிர்வாக அதிகாரியிடமும் தெரிவித்து, அடையாளங்கள் அழியுமுன் பார்வையிடச் செய்து, நஷ்ட ஈட்டிற்கு மனுச் செய்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ளத்தக்கன

1. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பதற்கே. பன்றியைச் சுடுவதற்கு அது அநுமதியாகாது.

2. தோட்டாவை முதலில் தேர்க. துப்பாக்கியைப் பின்னர்த் தேர்க.

3. உள்நாட்டு ஆலையிற் செய்யப்படுவதும், சட்டம் விலக்காததும், பலர் வாங்குவதும், இரண்டு மூன்று கடைகளில் ஆண்டு முழுவதும் இருப்பதுமான தோட்டாவே நீடித்துக் கிடைக்கும்.

4. பயிர்க்காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி போதாதவிடத்து 12 போர் ஏற்றது. ஊர் நெருங்கிய நிலத்திற்கு ரைபிள் ஏற்றதன்று.

5. பழைய துப்பாக்கியின் அறை நீளத்தையும் குழலின் செய்கையையும் சோதியாமல் ஒரு தோட்டாவும் இடலாகாது.

6. தொழுவத்திலும் உர அறையிலும் தோட்டாவை வைத்தலாகாது.

துப்பாக்கிக்கும் லைசென்ஸுக்கும் அலைச்சலுக்கும் ஆகும் பணத்தைக் கணக்கிட்டு, அதே தொகையை வேலிக்கும் கூட்டுக் காவலுக்கும் செலவிட்டால் எவ்வளவு பயிர் தப்பும் என்று குடியானவர் முதலில் எண்ணிப் பார்த்தல் நலம். அவ்வாறு எண்ணியபின்னும் துப்பாக்கி வேண்டுமெனத் தோன்றின், அருகிலுள்ள லைசென்ஸ் பெற்ற கடைக்குச் சென்று, துப்பாக்கியின் விலையைக் கேட்குமுன் அலமாரியில் எந்தத் தோட்டா நிறைந்திருக்கிறது என்று கேட்கட்டும்.